நாயனக்காரன் கடைவாய்ப் பல்: பெங்களூரில் ஒரு தாடை அறுவை சிகிச்சைப் பிரிவு

மருத்துவமனையின் பெயர் இதில் வராது. பாராட்டோடு நாலைந்து குறையும் எழுதப் போகிறேன், அதனால் விட்டுவிட்டேன். பெங்களூரின் ஓரத்தில் இருக்கும் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி அது. அல்சூரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். போக்குவரத்தில் மாட்டிக்கொண்டால் ஒன்றரை மணி நேரம். நான் போனது அங்கே இரண்டாவது மாடியில் உள்ள பிரிவு. பலகையில் 'ஓரல் அண்ட் மேக்ஸில்லோஃபேஷியல் சர்ஜரி' என்று எழுதியிருக்கும், அதாவது வாய், தாடை, முக அறுவை சிகிச்சை. அதைப் படித்துவிட்டு என் சம்சாரம், "ஒரு பல்லுக்கு இவ்வளவு நீளப் பேரா?" என்றாள்.

நான் நாதஸ்வரம் வாசிப்பவன். வயது 46. மற்றவர்களுக்குப் பல் வலி தீர்ந்தால் சரி. எனக்குப் பல் போனாலும் போகட்டும், கீழுதட்டில் உணர்ச்சி போனால் தொழிலே போய்விடும். நாயனத்தின் ஊதும் முனையான சீவாளி உதட்டில் எவ்வளவு உள்ளே இருக்கிறது, எவ்வளவு ஈரம், எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதா? உதடுதான் சொல்ல வேண்டும். நாக்கும் அப்படித்தான். நாக்கால் தட்டி வாசிக்கும் துத்துகாரத்தில் நாக்கு நுனி எங்கே தட்டுகிறது என்று தெரியாமல் வாசிப்பது, இருட்டில் படியிறங்குவது மாதிரி.

வலது கீழ்ப்பக்கம் ஞானப்பல் பாதி வெளியே, பாதி ஈறுக்குள். ஒரு வருஷத்தில் மூன்று தடவை வீங்கியது. மூன்றாவது வீக்கம் வைகாசியில், நல்ல முகூர்த்த நாளில். வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்குத் தம்பி ஒருவனே வாசித்தான், நான் சுருதிப்பெட்டி பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில், "பத்து நிமிஷ வேலை, இப்பவே பிடுங்கிடலாம், உட்காருங்க" என்றார்கள். உதடு மரத்துப் போகுமா என்று கேட்டேன். "அதெல்லாம் யாருக்கோ ஒருத்தருக்கு" என்று பதில் வந்தது. கையில் இருந்த சின்ன எக்ஸ்ரேயில் பல்லின் வேர் நுனியே விழவில்லை. யாருக்கோ ஒருத்தர் நானாக இருந்தால்? செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்லூரிக்கு முதல் நாள் போனது ஆனி மாதம். சீட்டு 50 ரூபாய். காலை எட்டரைக்கு டோக்கன் வாங்கினால் பத்தேகாலுக்குக் கூப்பிடுவார்கள். இதை இப்போதே சொல்லிவிட்டால் பிறகு புலம்ப வேண்டியதில்லை: அங்கே எந்த வேலைக்குப் போனாலும் அரை நாள் போய்விடும். எக்ஸ்ரே ஒரு கட்டடம், பணம் கட்டுவது இன்னொரு கட்டடம், ரசீதைக் காட்டுவது மறுபடி முதல் கட்டடம். முழங்கால் வலிக்காரர்களை அழைத்துப் போனால் லிஃப்ட் ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள். நான் போன ஏழு நாளில் மூன்று நாள் ஓடவில்லை.

என்னை முதலில் பார்த்தது முதுநிலை முதல் வருஷம் படிக்கும் பெண். கோவில்பட்டிப் பக்கம். நான் கன்னடத்தில் தொடங்க, என் உச்சரிப்பைக் கேட்டதும் "ஐயா தமிழா?" என்று சிரித்தார். நாற்பது நிமிஷம் கேள்விகள். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, ஊசி போட்டு எப்போதாவது மயக்கம் வந்ததா. அப்புறம், "வெற்றிலை பாக்கு?" என்றார்.

எங்கள் தொழிலில் அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் கிடையாது. எத்தனை கவுளி, அதாவது எத்தனை கட்டு வெற்றிலை என்பதுதான் பதில். புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என் விரல் மூன்றை ஒன்றாகச் சேர்த்து, நெட்டுக்குத்தாக வாய்க்குள் விடச் சொன்னார். மூன்று விரல் தாராளமாகப் போக வேண்டுமாம். எனக்கு இரண்டரைதான் போயிற்று. அளவுகோல் வைத்துப் பார்த்து 33 மில்லிமீட்டர் என்று எழுதினார். பிறகு கன்னத்தின் உட்பக்கம் விரலால் அழுத்தி, பேராசிரியரைக் கூப்பிட்டார். வீக்கத்தால் கொஞ்சம், பாக்கால் கொஞ்சம் என்று அவர் சொன்னார். பாக்கு தொடர்ந்து ஊறினால் கன்னத்து உள்தோல் நார் நாராக இறுகி, வாய் திறக்கும் அளவு வருஷா வருஷம் குறையும். சிலருக்கு அதிலிருந்தே புற்றுநோய் வரும். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் பல்லுக்குப் போனவன். கன்னத்தைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மாத்திரை கொடுத்த கிளினிக்கில் மூன்று தடவையும் என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள்தானே?

முகத்தைச் சுற்றி வரும் எக்ஸ்ரே 350 ரூபாய். அதைப் பேராசிரியர் விளக்குப் பலகையில் மாட்டி எனக்கே காட்டினார். அவர் கன்னடக்காரர், பேச்சு குறைவு. கீழ்த்தாடை எலும்புக்குள் சுரங்கம் போல ஒரு குழாய் ஓடுகிறது, அதற்குள் நரம்பு. கடைவாயில் நுழைந்து எலும்புக்குள்ளேயே முன்னால் வந்து, முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே வெளியே எட்டிப் பார்த்து, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கிறது. உதட்டை அசைப்பது வேறு நரம்பு. அதனால் இந்த நரம்பு அடிபட்டால் உதடு அசையும், ஆனால் அது நம்முடையது மாதிரியே இருக்காது. படத்தில் அந்தச் சுரங்கத்துக்கு மேலும் கீழும் வெள்ளைக் கோடு தெரியும். என் பல்லின் வேர் வரும் இடத்தில் மேல் கோடு அறுந்திருந்தது, வேரும் அங்கே கருத்திருந்தது. உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிச்சயப்படுத்த சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொன்னார், 1,600 ரூபாய். அதில் தெரிந்தது: நரம்பு வேரின் நாக்குப் பக்கமாக, ஒட்டியே போகிறது.

பத்து நிமிஷ வேலை என்று உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம்.

அப்போது அவர் சொன்ன யோசனை எனக்கு முதலில் ஏமாற்று வேலை மாதிரிப் பட்டது. பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வேரை எலும்புக்குள்ளேயே விட்டுத் தைத்துவிடுவார்களாம். கொரோனெக்டமி என்று பெயர். வேரை விட்டுவிட்டுப் பல்லைப் பிடுங்கினால் அது அரைகுறை வேலை என்றுதானே நாம் திட்டுவோம்? இங்கே தெரிந்தே விடுகிறார்கள். நரம்பைத் தொடாமல் இருக்க வேண்டுமென்றால் அதை ஒட்டிய வேரையும் தொடக்கூடாது. வேரில் சீழ் இருந்தால் இது நடக்காது. வெட்டும்போது வேர் ஆடிவிட்டாலும் நடக்காது, முழுசாக எடுத்தே ஆக வேண்டும். அதையும் ஒப்புதல் தாளில் எழுதி வாங்கினார்கள். விட்ட வேர் மெதுவாக மேலே ஏறி வரலாம், அப்படி ஏறினால் நரம்பை விட்டு விலகியிருக்கும், அப்போது எடுப்பது சுலபம். இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னார்கள். ஒப்புதல் தாள்தான் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருக்கிறது. எனக்குக் கன்னடம் படிக்க வரும். என் பக்கத்தில் இருந்த ஸ்ரீராம்புரம் பாட்டிக்கு வராது. அவர் கைநாட்டு வைத்ததை நான் பார்த்தேன். பேத்தி மொழிபெயர்த்துச் சொன்னது பாதிதான்.

தேதி கொடுப்பதில் இன்னொரு நாள் போயிற்று. ஆடி முதல் வாரம் கேட்டேன். ஆடியில் கல்யாணம் இல்லை. அம்மன் கோயில் கூழ் ஊற்றும் நாட்களைத் தம்பி பார்த்துக்கொள்வான். பேராசிரியருக்கு இது புரிந்தது, அவர்களுக்கும் ஆஷாடம் உண்டே.

காத்திருந்த நேரத்தில் வார்டு வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தவை என் கண்ணைத் திறந்தன. பல் டாக்டர் என்றால் பல் பிடுங்குபவர் என்று நினைத்திருந்தேன். அங்கே படுத்திருந்தவர்களில் பல் வலிக்காரர் யாருமே இல்லை. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கும் பையன், பைக்கில் விழுந்து கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்தவன். ஹெல்மெட் போட்டிருந்தானாம், தலையில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி இருக்குமே அந்த அரை ஹெல்மெட். மண்டை தப்பியது, மோவாய் தரையில். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், அவன் அம்மா சிரிஞ்சில் ராகிக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். கீழ்த்தாடை முன்துருத்திய ஒரு பெண்ணுக்குத் தாடையை அறுத்துப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். ஹியூகோ ஒப்வெகேசர் என்ற மருத்துவர் 1950களில் கண்டுபிடித்த முறையாம், வாய்க்கு உள்ளேயே அறுப்பதால் வெளியே தழும்பு கிடையாது. உதடு பிளந்து பிறந்த குழந்தை ஒன்று. வாயில் புற்றுநோய் வந்து பாதித் தாடை எடுக்கப்பட்ட ஒருவர், கண்ணை மூடிக்கொண்டு காதில் பாட்டுக் கேட்டபடி. அவரிடம் என்ன பாக்கு என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

எலும்பு முறிவுக்கு எலும்பு டாக்டரிடம் போகாமல் இங்கே ஏன் என்று கோவில்பட்டிப் பெண்ணிடம் கேட்டேன். "பல் கடிப்புதான் ஐயா கணக்கு. உடையறதுக்கு முன்னாடி மேலயும் கீழயும் எப்படிக் கடிச்சுதோ, அதை முதல்ல சேர்த்துட்டா எலும்பு தன் இடத்துக்கு வந்துடும். அப்புறம்தான் டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும்" என்றார். கெண்டையில், அதாவது சீவாளியை மாட்டும் சின்னக் குழலில், சீவாளி சரியாக உட்காராமல் சுருதியைச் சரிசெய்ய முடியாது. சட்டென்று விளங்கியது. மயக்க மருந்து கொடுப்பவர்கள் இவர்களுக்காக மூச்சுக் குழாயை மூக்கு வழியாக விடுவார்களாம், வாய் இவர்களுக்கு வேண்டுமே. மேல்தாடை முறிவுகளை லெஃபோர்ட் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்கிறார்கள். ரெனே லெஃபோர்ட் என்ற பிரெஞ்சுக்காரர் இறந்தவர்களின் தலைகளில் பல விதமாக அடி கொடுத்து, எந்த வழியாக எலும்பு பிளக்கிறது என்று பார்த்து 1901இல் எழுதிய கணக்கு. இன்றைக்கும் கேஸ் ஷீட்டில் அதுதான்.

படிப்பையும் விசாரித்தேன், என் வாயை யாரிடம் கொடுக்கிறேன் என்று தெரிய வேண்டாமா. பி.டி.எஸ். 5 வருஷம், அதில் கடைசி வருஷம் பயிற்சி. அப்புறம் நீட் எம்.டி.எஸ். தேர்வு. அதில் இந்தப் பிரிவு கிடைத்தால் 3 வருஷம். அந்த மூன்றில் பொது அறுவை சிகிச்சை, மயக்கவியல், அவசரப் பிரிவு என்று வேறு இடங்களுக்கும் அனுப்புவார்கள். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பல் பட்டம், பொது மருத்துவப் பட்டம் இரண்டும் முடித்தால்தான் இந்த வேலை. அமெரிக்காவில் பல் படிப்புக்கு மேல் 4 வருஷம், மருத்துவப் பட்டமும் சேர்த்து வாங்கினால் 6. கோவில்பட்டிப் பெண் தையல் பழகியது வாழைப்பழத் தோலில். எலும்பு வெட்டப் பழகியது ஆட்டுத் தாடையில், சிவாஜிநகரில் வாங்கியது. "வெட்டின பல்லுக்குக் கணக்கே இல்ல ஐயா, ஆடு பாவம்" என்றார்.

ஐரோப்பாவில் பழைய காலத்தில் பல் பிடுங்கியதும் கட்டி கீறியதும் முடிதிருத்துபவர்கள்தான் என்றும் அவர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தாத்தா தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்தில் முடி திருத்தினார், நாயனம் வாசித்தார், ஊரில் யாருக்குக் கட்டி வந்தாலும் அவர்தான் கீறினார். எங்கள் சமூகத்துக்கே மருத்துவர் என்றுதான் பெயர். இங்கே கர்நாடகத்திலும் முடி திருத்தும் சமூகமான சவிதா சமாஜத்தாரில் நாதஸ்வரக்காரர்கள் நிறைய உண்டு. "அப்படின்னா நாம பங்காளிங்கம்மா" என்றேன்.

இனி முக்கியமான விஷயம். கத்தியைப் பிடிப்பது யார்? கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் பலர் இதைக் கேட்பதில்லை, பிறகு பயப்படுகிறார்கள். நான் பேராசிரியரிடமே கேட்டேன். மூன்றாம் வருஷ மாணவி ஒருவரைக் காட்டி, "அவளு மாடுத்தாளெ, நானு பக்கதல்லே இர்தீனி" என்றார். அவள் செய்வாள், நான் பக்கத்திலேயே இருப்பேன்.

ஒரு ராத்திரி யோசித்தேன். நான் பதினாறு வயதில் குருநாதரோடு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அதுவரை ஒத்து, அதாவது சுருதி பிடிக்கும் வேலைதான். ஊஞ்சல் நேரத்தில் அவர் தன் நாயனத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னை வாசிக்கச் சொன்னார். என் சுரம் பிசகப் போகிறது என்று அவருக்கு எனக்கு முன்பே தெரியும், அந்த இடத்தில் அவர் நாயனம் ஏறி வந்து மூடிவிடும். அந்தப் பெண் வீட்டாருக்கு இன்றுவரை தெரியாது. அவர்கள் கல்யாணத்தில் நான் கற்றுக்கொண்டேன். சரி, இவர்களும் யார் வாயிலாவதுதான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

ஆடி நான்காம் நாள். கட்டணம் 4,500 ரூபாய். வெளியே ஒரு தனி சர்ஜன் கிளினிக்கில் 16,000 கேட்டிருந்தார்கள். மரத்துப்போக ஊசி இரண்டு. ஊசியில் அட்ரினலின் இருக்கிறது, நெஞ்சு கொஞ்சம் படபடக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள், படபடத்தது. உதடு மைசூர் போண்டா மாதிரி ஆயிற்று. முகத்தில் பச்சைத் துணி போட்டு வாய் மட்டும் தெரிய விட்டார்கள். "பாயி தெகிரி", வாயைத் திறங்க, என்று ஒரு குரல். அவ்வளவுதான், அப்புறம் எனக்குக் கண் இல்லை, காது மட்டும்தான்.

அந்த மெஷின் சத்தம் சும்மா சுழலும்போது ஒரு சுருதி, எலும்பில் பட்டதும் அரைச் சுரம் இறங்கும், பல்லில் பட்டால் வேறு மாதிரிக் கீச்சென்று ஏறும். எலும்பு சூடேறிச் செத்துவிடக் கூடாது என்று தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். மாணவியின் கை மூன்று நான்கு தடவை நின்று நின்று போனது. தொட்டுப் பார்ப்பது, எடுப்பது, மறுபடி தொடுவது. எங்கள் பையன்கள் புதுக் கீர்த்தனையில் சங்கதி போடும்போது மூச்சு உடைவது போல. பயமாக இல்லை, பழக்கமான சத்தம்தான். திடீரென்று நாதம் மாறியது. அதே மெஷின், அதே முனை, ஆனால் ஒரே மூச்சாக, ஏற்ற இறக்கமே இல்லாமல், இழைந்து போனது. கை மாறிவிட்டது என்று துணிக்கடியிலேயே தெரிந்துகொண்டேன். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு மறுபடி பழைய விட்டுவிட்ட சத்தம்.

முடிந்ததும் பேராசிரியரிடம் சைகையில் கேட்டேன், நடுவில் நீங்களா என்று. அவர் ஆச்சரியப்பட்டார். நாக்குப் பக்கம் போகும் கடைசி வெட்டு மட்டும் அவருடையது. அந்தப் பக்கம்தான் நாக்குக்குப் போகும் நரம்பு எலும்பை ஒட்டி இருக்கிறதாம். வேர் ஆடவில்லை. மொத்தம் ஐம்பத்தைந்து நிமிஷம்.

வீட்டுக்குப் போனபின் ஐஸ் ஒத்தடம், ஆறிய ரசஞ்சாதம், காறித் துப்பக்கூடாது, உறிஞ்சக்கூடாது, ஊதக்கூடாது. துப்பினாலும் ஊதினாலும் ரத்தக் கட்டி பெயர்ந்துபோய் எலும்பு வெறுமனே நிற்கும், மூன்றாம் நாளுக்கு மேல் அந்த வலி தாங்காது என்றார்கள். மூன்றாம் நாள் முகம் பூசணிக்காய்தான், அதுவும் சொன்னதுதான்.

சொல்லாமல் வந்தது ஒன்று. ஊசியின் மரப்பு சாயங்காலம் போய்விட்டது, மோவாயில் ஒரு ரூபாய் நாணய அளவு மட்டும் போகவில்லை. ஏழாம் நாள் தையல் பிரிக்கப் போனபோது கோவில்பட்டிப் பெண் பஞ்சு நூலால் தொட்டுத் தொட்டு, உணர்ச்சி இல்லாத இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். நாலு நாளில் மறுபடி வரச் சொன்னார், கோடு சுருங்கியிருந்தது. பதிமூன்றாம் நாள் சவரம் பண்ணும்போது அங்கே கூசியது. கூச்சத்துக்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. தையல் பிரித்தது மட்டும் வேறு ஒரு பையன், கை நடுங்கியது, பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. இதைப் பேராசிரியரிடமும் சொன்னேன். இன்னொரு குறை, ஒருநாள் என்னைக் கேட்காமலே எட்டு மாணவர்களைச் சுற்றி நிற்க வைத்து வாயைத் திறக்கச் சொன்னது. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

இருபத்தாறாம் நாள் சீவாளியை ஊறவைத்து உதட்டில் வைத்தேன். கீழ் சட்ஜம் மட்டும், நீளமாக. பக்கத்து வீட்டுக் குழந்தை ஜன்னலுக்கு வந்து பார்த்தது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் போய்விட்டேன், தம்பி பாதி, நான் பாதி.

பாக்கை விட்டு நாலு மாதம் ஆகிறது. வாய் இப்போது 38 மில்லிமீட்டர். எங்கள் தவில்காரர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் வெற்றிலைச் செல்லத்தைத் தனியாகத் திறக்கிறார். அவரையும் மூன்று விரல் விட்டுப் பார்க்கச் சொன்னேன், பேச்சை மாற்றிவிட்டார்.

விட்ட வேர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க அடுத்த எக்ஸ்ரே தை மாதம். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். கோவில்பட்டிப் பெண் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.